வீரையன் குடித்த டீ

வீரையனின் கை நடுங்குவதை முதலில் பார்த்தவள் அவன் பெண்டாட்டி அம்சம்தான். புரட்டாசி மாதம், குறுவைக் கதிர் பழுத்துத் தலைசாய்ந்து கிடந்த நேரம். காலையில் செம்பில் நீராகாரம் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாயில் வைத்ததும் செம்பின் விளிம்பு பல்லில் தட்டுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, ஆனால் வேர்த்திருந்தது.

"என்னங்க, கை இப்படி ஆடுது?"

"ஆடுனா ஆடட்டும். நீ போயி வேலையப் பாரு."

"நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்ல. பொரண்டுக்கிட்டே கெடந்தீங்க."

"நெல்லு வயல்ல நிக்கிது, மானம் இருட்டிக்கிட்டு வருது. எனக்கு எப்படிப் புள்ள தூக்கம் வரும்?"

அதுவும் நியாயம்தான் என்று அம்சம் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவன் இடது மாரில் கை வைத்துப் பார்த்தபோது, உள்ளே யாரோ அவசர அவசரமாக அவல் இடிக்கிற மாதிரி இருந்தது.

மெட்ராசில் ஆட்சி மாறி, கூலிக்காரனுக்கு நியாயமான கூலி என்று சட்டம் வந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. ரேடியோ சொன்னது பெரிய பண்ணையின் காதில் விழவில்லை, அவ்வளவுதான். பழைய கூலிக்குத்தான் அறுப்பு என்றது பண்ணை. கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்றது கூலிக்காரர்களின் சேரித்தெரு. நடுவில் கதிர் நின்றது. ஏடிடி இருபத்தேழு நெல்லுக்கு ஒரு கெட்ட குணம், அறுக்கிற நேரத்தில் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அப்புறம் பண்ணைக்கும் ஒன்றுமில்லை, அறுக்கிறவனுக்கும் ஒன்றுமில்லை. மத்தியானத்துக்கு மேல் தினமும் மேகம் ஏறிவந்து எல்லாரையும் பயமுறுத்திவிட்டுப் போனது.

வியாழக்கிழமை மன்னார்குடி தாலுகா ஆபீசில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை. தெருவின் சார்பில் பேசப்போகிறவன் சங்கச் செயலாளர் வீரையன். எதிரே உட்காரப்போகிறவர் பண்ணையின் வரவுசெலவைப் பார்க்கிற காரியக்காரர் பஞ்சநதம். கை நடுங்குவதை அவர் பார்க்காமல் இருப்பாரா? பயந்துவிட்டான் என்று அங்கேயே சிரிப்பார். அதற்கு முன்னாலேயே இந்த நெஞ்சு நின்றுபோனால் என்ன செய்வது என்பது அம்சத்தின் கவலை. அதை வெளியே சொல்லக்கூட அவளுக்கு பயம்.

வீரையன் குடிகாரன் இல்லை. பீடி கிடையாது. டீ மட்டும் குடிப்பான், அதை யாரும் ஒரு பழக்கமாகவே நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கூட்டுரோட்டில் ஜெக்கரியாவின் டீக்கடை. முன்பெல்லாம் தெருக்காரர்கள் வெளியே குந்தி, தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினிய டம்ளரில் குடித்து, தாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஒரு பொங்கல் சமயத்தில் வீரையன் சங்கத்து ஆட்களோடு போய் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் கேட்டான். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, போலீஸ் வந்து, வீரையனுக்குக் காதோரம் தையல் போட்டு, கடைசியில் கிளாசில் டீ வந்தது. "எல்லாரும் உள்ள உக்காந்தா எனக்குத்தானப்பா யாவாரம்" என்றார் ஜெக்கரியா. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவனைப் பார்க்கிற ஆளெல்லாம் "அண்ணே, ஒரு டீ" என்றார்கள். இவனோடு பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பது ஒவ்வொருவனுக்கும் ஒரு கௌரவம். அதை எப்படி வேண்டாம் என்பது? மேல்சாதிக்காரர்கள் இருக்கும் குடித்தெருவில் சின்ன விவசாயி ஒருவர் சங்கத்தில் சேர்ந்து, இவனை வீட்டுக்குள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பெண்டாட்டி கையால் டீ கொடுத்தார். அதை மறுத்தால் ஊர் என்ன நினைக்கும்? அறுப்பு விவகாரம் தொடங்கியதிலிருந்து ஊர் ஊராகக் கூட்டம், போகிற இடமெல்லாம் டீ. காலையிலிருந்து கொதித்துக் கறுத்த டிகாஷன். குடித்தால் பசி செத்துப்போகும். அம்சம் வைத்த சோறு சாயங்காலம் அப்படியே இருக்கும்.

தின்னவில்லை, தூங்கவில்லை, கை நடுங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது. தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள். சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுத்து ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்குகிற இடுமருந்து. யார் என்று யோசித்ததும் அம்சத்துக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிய பிறகும் அந்த முகம் போகவில்லை.

அது வீரையனின் கூடப்பிறந்த அக்கா பொன்னுத்தாயின் முகம். புருஷன் இல்லாதவள். பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிற வேலை. வாய்க்காலில் தண்ணீர் வடிந்தபோது கெண்டை பிடித்து, குழம்பு வைத்து, தம்பிக்குப் பிடிக்குமே என்று சட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். அம்சத்துக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை, தொடவில்லை. வீரையன் மட்டும் சட்டியை வழித்துத் தின்றான். அந்த வாரம்தான் கை நடுங்கியது.

"வச்ச மருந்த எடுக்கப் போவமுங்க" என்றாள் அம்சம். "வலங்கைமானுக்கு இந்தப் பக்கம் காத்தாயின்னு ஒருத்தி இருக்காளாம்."

"போடி இவளே. மேடையில பகுத்தறிவு பேசிட்டு மருந்து எடுக்கப் போனா, ஊரு வாயால சிரிக்காது."

"நீங்க செத்துப்போனா ஊரு எதால சிரிக்கும்?"

அவள் அழ ஆரம்பித்ததும் அவனால் தாங்க முடியவில்லை. செயலாளர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

காத்தாயி நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. கேட்டதையே திருப்பிச் சொல்வதில் அவளுக்கு நிகர் அவள்தான். அம்சம் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக மீன் குழம்பு, பண்ணை, நாத்தனார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காத்தாயி ஒரு பச்சிலைச் சாற்றை வீரையனின் உள்ளங்கையில் ஊற்றினாள். சாறு கட்டியாக உறைந்தது. அந்தச் சாறு யார் கையில் ஊற்றினாலும் உறையும் என்பது அவளுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. அப்புறம் வயிற்றைப் பிசைந்து, தொப்புளில் வாய் வைத்து உறிஞ்சி, வாழையிலையில் துப்பினாள். மயிர் சுருண்ட மாதிரி கறுப்பாக ஒன்று கிடந்தது.

"யாரு வச்சான்னு நான் வாயத் தொறக்க மாட்டேன் தாயி" என்றாள் காத்தாயி. "ஆனா மீனு தெரியிது. பொம்பள கை தெரியிது. ரத்த சொந்தம் தெரியிது."

"அய்யோ."

"அடுத்த செவ்வாக்கெழம வரைக்கும் பத்தியம். உப்பில்லாத கஞ்சி. கவுச்சி கூடாது, எண்ணெ கூடாது, டீ காப்பி கூடாது."

மறுநாள் காலை கைபம்பில் பொன்னுத்தாய் குடத்தை வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அம்சம் நேரே போய் அந்தக் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். நின்ற பெண்கள் எல்லாம் விலகினார்கள்.

"என்னடி அம்சம், பித்து புடிச்சிருச்சா?"

"எம் புருசன் வயித்துல என்னத்தப் போட்டீங்க அண்ணி?"

"என்ன போட்டேன்?"

"கொழம்புல என்ன போட்டீங்க? பஞ்சநதம் என்ன குடுத்தான் ஒங்களுக்கு? எந் தாலிய அறுக்கவா சட்டியத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

பொன்னுத்தாய்க்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பம்புத் தண்டைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏ புள்ள, நீ நெதானத்துலதான் பேசுறியா? அவன் எனக்குக் கூடப்பொறந்தவன்டி. பண்ணையில சாணி அள்ளுனா, மனசையும் அங்க வச்சிட்டு வந்துருவேனா?"

"எடுத்தாச்சு அண்ணி. கண்ணால பாத்தேன். எலையில கெடந்துச்சு."

"என்ன கெடந்துச்சு?"

"ஒங்க புண்ணியந்தான் கெடந்துச்சு!"

பொன்னுத்தாய் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாராவது ஒருத்தி இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தாள். ஒருத்தி குடத்தைக் கழுவினாள், இன்னொருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். பொன்னுத்தாய் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டாள்.

பத்தியத்தில் வீரையனுக்கு மண்டை பிளந்தது. வேட்டியைக் கிழித்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பகலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கி வழிந்தான். மருந்து இறங்குகிறது என்று அம்சம் சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே நடுக்கம் நின்றது. நெஞ்சு அடங்கியது. அவனைப் பார்க்க வந்தவர்கள் "அண்ணே, ஒரு டீ" என்றபோது அவனுக்கு முதல்முறையாகச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. "மருந்து எடுத்திருக்கேம்ப்பா, பத்தியம்" என்றான். மருந்து என்றதும் யார் வைத்தது என்று கேட்டார்கள். அவன் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். ஒவ்வொரு டீயை மறுக்கும்போதும் பொன்னுத்தாயின் பேர் இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை தலையைப் பிடித்துக்கொண்டுதான் தாசில்தார் முன்னால் உட்கார்ந்தான். அதிகம் பேசவில்லை. பேசினால் தலை வலித்தது. "கூட்டிக் குடுத்தாத்தான் அறுப்பு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வெளியே வானம் கறுத்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பஞ்சநதத்துக்கு நனைந்து முளைத்த நெல்தான் கண்ணில் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் இறங்கி வந்தார். கூலி கூடியது, பதினோரு மணிக்கு வரப்புக்கு டீ அனுப்புவது என்பதும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வீரையன் கையெழுத்துப் போட்டபோது கை கல்லாக நின்றது.

கூட்டுரோட்டில் நடந்த வெற்றிக் கூட்டத்தில் சங்கத்து மருதையன் மைக்கைப் பிடித்தான். நல்ல தொண்டை அவனுக்கு. "நம்ம செயலாளரை மருந்து வச்சுக் கொல்லப் பாத்தாங்க! எந்தக் கையால வச்சாங்கன்னு இந்தத் தெருவுக்குத் தெரியும்!" என்றான். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பண்ணையிலும் பஞ்சநதம் பொன்னுத்தாயை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார், அவளால் பண்ணைக்குக் கெட்டபேர் என்று. அறுப்புக் கூட்டத்தில் தெருப் பெண்களும் அவளைச் சேர்க்கவில்லை. வரப்பில் கஞ்சிக் கலயங்களை ஒன்றாகத்தானே வைக்க வேண்டும்? மருந்து வைக்கிறவளின் கலயத்துக்குப் பக்கத்தில் யார் வைப்பார்கள்?

பத்தியம் முடிந்தது. ஜெயித்தவனுக்கு டீ வாங்கிக் கொடுக்காத ஆள் இல்லை. மறுத்ததற்கெல்லாம் சேர்த்துக் குடித்தான். தலைவலி போன இடம் தெரியவில்லை, மருந்து முழுசாக இறங்கிவிட்டது என்று நினைத்தான். அறுப்பு பாதி நடக்கும்போது, சங்க வேலையாக மன்னார்குடி போன இடத்தில், பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். கூட இருந்த மருதையன் ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு டாக்டர் மதலைமுத்துவிடம் கொண்டுபோனான்.

தகவல் தெரிந்து அம்சம் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிட்டாள். வழியெல்லாம் ஒரே யோசனை. இப்போது யார் வைத்தார்கள்? பொன்னுத்தாய் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையே, அவள் சட்டி எதுவும் வரவில்லையே. அந்தக் கேள்வியோடு அவளுக்கு இன்னொரு பயமும் பிடித்தது. அது புருஷனைப் பற்றிய பயம் இல்லை, செய்யாதவள்மேல் பழி போட்டுவிட்டோமோ என்ற பயம்.

டாக்டர் மதலைமுத்து வயசாளி. காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார். "காலையில என்னம்மா சாப்புடுறாரு?"

"எங்கங்க சாப்புடுறாரு."

"பின்ன என்ன குடிக்கிறாரு?"

"அதெல்லாம் இல்லீங்க. தொடமாட்டாரு. டீதான்."

"எத்தனை?"

அம்சம் மருதையனைப் பார்த்தாள். மருதையன் விரலை மடக்கிக்கொண்டே போனான். ஜெக்கரியா கடை, தெற்குத்தெரு, குடித்தெரு, கூட்டத்துக்கு முன்னால், கூட்டத்துக்குப் பின்னால். இரண்டு கையும் இரண்டு தடவை தீர்ந்தபிறகு நிறுத்தினான். "இன்னும் சாயங்காலம் இருக்குங்கய்யா."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் அம்சத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"டீ, காப்பி, கொக்கோ இதுலயெல்லாம் கஃபீன்னு ஒரு சரக்கு இருக்கும்மா. யாரும் கலக்குறதில்ல. செடியே உண்டாக்கிக்கிறது, பூச்சி தின்னாம இருக்க."

"வயலுக்கு அடிக்கிற எண்டிரின் மாதிரிங்களா?" அம்சம் எழுந்தே விட்டாள்.

"அவ்வளவு பொல்லாதது இல்ல. ஒண்ணு ரெண்டு குடிச்சா அசதி தெரியாது, தூக்கம் கலையும், நல்லாத்தான் இருக்கும். இவரு மாதிரி குடிச்சா நெஞ்சு படபடங்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, வயிறு எரியும். இப்ப நெஞ்சுல கோளாறு ஒண்ணும் இல்ல. இப்படியே போனா நான் பொறுப்பில்ல."

"நடுவுல நின்னுருந்துச்சுங்களே. பத்தியத்துல."

"பத்தியத்துல டீ உண்டா?"

"இல்லீங்க."

"மண்டைவலி வந்துதா? தூக்கமா வந்துதா?"

"மண்டை பொளந்துதுங்க."

"அதான். பழகுன உடம்புக்கு அதைத் திடீர்னு நிறுத்துனா அப்படித்தான் வலிக்கும். மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கச் சொல்லு."

அம்சம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷன் பிழைத்துக்கொண்டான் என்ற நிம்மதி வரவேண்டும். வரவில்லை. கைபம்பில் உருண்ட குடம்தான் கண்ணில் நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "நாளைக்கி அண்ணிகிட்டப் போவணும். தெருவக் கூட்டிச் சொல்லணும்."

வீரையன் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தான். "என்னன்னு சொல்லுவ?"

"மருந்து இல்ல, டீன்னு."

"சொல்லாத."

"ஏங்க?"

"எந்த டீக்காவ அடி வாங்குனனோ, அந்த டீதான் என்னயக் கவுத்துச்சுன்னு சொன்னா பஞ்சநதம் என்ன சொல்லுவான் தெரியுமா? அதுக்குத்தான்டா ஒங்களுக்கு கிளாசு குடுக்கலம்பான். தாங்குற ஒடம்பா இதும்பான். மருதையன் மைக்குல பேசுனதுக்கு எங்க மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"அண்ணி மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"அக்காவுக்கு நான் பாத்துக்கிறேன். அறுப்பு முடியட்டும்."

"அறுப்பு முடிஞ்சா அவங்களுக்கு எங்கேருந்து கூலி வரும்? அறுப்புலதானங்க சோறு?"

அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அக்காமேல் உயிரே வைத்திருந்தவன்தான். ஆனால் அந்த கிளாசின்மேலும் உயிரை வைத்திருந்தான். அம்சத்துக்கு அவன்மேல் வந்த கோபம், கல்யாணம் ஆனதிலிருந்து வராத கோபம்.

மறுநாள் பண்ணையின் வாய்க்கால்கரை வயலில் அறுப்பு. காற்றில் மழை வாசனை இருந்ததால் எல்லார் கையும் வேகமாக ஓடியது. பெண்கள் வரிசையாகக் குனிந்து அரிந்துபோட, ஆண்கள் கட்டிக் களத்துக்குத் தூக்கினார்கள். அரிந்த தாளுக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியில், பொன்னுத்தாய் சிந்திய கதிர் பொறுக்கிக்கொண்டு வந்தாள். முதுகு வளைந்து, யாரையும் பார்க்காமல் வந்தாள். கலயங்கள் எல்லாம் பூவரச மரத்தடியில் கும்பலாக இருந்தன. அவள் கலயம் மட்டும் தள்ளி, வாய்க்கால் மதகின்மேல் இருந்தது.

பதினோரு மணிக்கு ஜெக்கரியா சைக்கிளில் டீ கேனோடு வந்து மணியடித்தார். எல்லாரும் கரையேறினார்கள். வீரையனும் களத்திலிருந்து வந்து நின்றான். அம்சம் கேன் பக்கம் போகவில்லை. நேரே மதகுக்குப் போய்ப் பொன்னுத்தாயின் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லார் நடுவிலும் வைத்து உட்கார்ந்தாள்.

"ஏய் அம்சம், அதத் தொடாத!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஏன்? எம் புருசனுக்கு மருந்து வச்ச கையின்னா? எந்தக் கையும் வக்கல. நேத்து டாக்டரு சொன்னாரு. இவரு குடிச்ச டீ. போற ஊருல எல்லாம் குடிச்ச டீ. அதான் கையும் ஆடுச்சு, நெஞ்சும் ஆடுச்சு. பக்கத்துலதான் இருந்தாரு மருதையன். கேளுங்க."

எல்லாரும் மருதையனைப் பார்த்தார்கள். மருதையன் வீரையனைப் பார்த்தான். வீரையன் தரையைப் பார்த்தான்.

"நீயாவது சொல்லேன்ப்பா செயலாளரு" என்றார் ஜெக்கரியா. அவர் யாவாரத்துக்கு எதிராக அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

வீரையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "ஆமா" என்றான். சத்தம் வெளியே வரவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "ஆமா. டீதான். எங்கக்கா ஒண்ணும் செய்யல."

அம்சம் கலயத்தைத் திறந்தாள். தண்ணீராகக் கஞ்சி, அடியில் கொஞ்சம் பருக்கை, மேலே ஒரு பச்சைமிளகாய். கூலி இல்லாத வீட்டுக் கஞ்சி. கையைவிட்டு அள்ளி வாயில் வைத்தாள். விழுங்கினாள். மறுபடி அள்ளினாள். பெண்கள் எல்லாம் அவள் முகத்தையே பார்த்தார்கள், ஏதாவது ஆகிறதா என்று.

வீரையன் வந்து பக்கத்தில் குந்தினான். கையை நீட்டினான். "எனக்கும் ஒரு வாய் குடு அக்கா."

பொன்னுத்தாய் கதிர்க் கற்றையோடு வரப்பில் நின்றாள். "ஒனக்குத்தான் டீ வந்துருக்குல்ல தம்பி" என்றாள். அவன் நீட்டிய கை அப்படியே இருந்தது.

அம்சம் எழுந்து அவள் காலைத் தொடப் போனாள். பொன்னுத்தாய் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணி, இவரு போயிருவாரோங்குற பயத்துல செஞ்சிட்டேன். என்ன வேணும்னாலும் அடிங்க."

"நான் ஏன் ஒன்ன அடிக்கிறேன்? தின்னு. முழுசாத் தின்னு" என்றாள் பொன்னுத்தாய். குரல் உயரவில்லை. "சாயங்காலம் வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னு பாத்துட்டு, நாளைக்கி இவளுவோ என்னைய அறுப்புக்குக் கூப்புடுவாளுவோ. நான் வருவேன். வயிறு இருக்குல்ல. நீ மட்டும் என்னைய எதுக்கும் கூப்புடாத."